ஐஸ் சாலையில் ஆட்டோமேட்டிக் கார்: பிரேக் அழுத்தியும் தள்ளிக்கொண்டே போகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: முதல்_பனி

வணக்கம். முன்சக்கர இழுவை உள்ள கார். 6 கியர் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டர் வகை. பி (நிறுத்தி வைக்க), ஆர் (பின்னே போக), என் (நியூட்ரல்), டி (முன்னே ஓட்ட). டி-யிலிருந்து பக்கவாட்டில் தள்ளினால் எம், அங்கே கூட்டல், கழித்தல் தட்டி கியரை நாமே மாற்றலாம். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுப்பது), டிராக்‌ஷன் கண்ட்ரோல் இரண்டும் உண்டு. ஸ்னோ மோட் பட்டன் கிடையாது.

பனியில் ஓட்டுவது பற்றித் தேடினால் கிடைக்கிற அறிவுரையில் பாதி க்ளட்ச் உள்ள காருக்கானது. "இரண்டாவது கியரில் போட்டு க்ளட்சை மெதுவாக விடுங்கள்" என்கிறார்கள். இந்தக் காரில் அதற்கு என்ன வழி என்று யாரும் சொல்வதில்லை. குறிப்பாக நான்கு சந்தேகங்கள்.

ஐஸ் படிந்த சந்திப்பில் மெதுவாக வந்து பிரேக் பிடித்தாலும் கடைசி சில மீட்டரில் கார் நிற்காமல் தள்ளிக்கொண்டே போகிறது. அந்த நேரத்தில் என்-க்கு மாற்றலாமா? இறக்கத்தில் டி போதுமா, எம்-இல் எந்த கியர்? ஏற்றத்தில் பாதி வழியில் கியர் தானாக இறங்கி சக்கரம் வெறுமனே சுற்றுகிறது, அதைத் தடுப்பது எப்படி? பனியில் புதைந்தால் டி-யும் ஆரும் மாற்றி மாற்றிப் போட்டு ஆட்டி எடுப்பது கியர்பாக்ஸைக் கெடுக்குமா?

பதில்: கியர்பெட்டி

உங்கள் சந்தேகங்களுக்கெல்லாம் வேர் ஒன்றுதான். டி-யில் இருக்கும் வரை, ஆக்சிலரேட்டரில் கால் இல்லாவிட்டாலும் இன்ஜின் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். டார்க் கன்வெர்ட்டர் ஆயில் வழியாக விசையைக் கடத்துகிறது. க்ளட்சை மிதித்தால் விடுபடுவதைப் போல அது விடுபடாது. காய்ந்த சாலையில் பிரேக்கை லேசாகத் தொட்டாலே இந்தத் தள்ளல் அடங்கிவிடும் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஐஸில் டயருக்குக் கிடைக்கிற பிடிப்பே சொற்பம். பின்சக்கரம் நிற்கப் பார்க்கிறது, முன்சக்கரம் போகப் பார்க்கிறது. இன்னும் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகும். உடனே ஏபிஎஸ் அழுத்தத்தைத் தளர்த்தும். தளர்த்திய கணத்தில் இன்ஜின் மறுபடி தள்ளும். நடைவேகத்துக்கும் கீழே இறங்கியதும் ஏபிஎஸ் ஒதுங்கிக்கொள்ளும், தள்ளல் மட்டும் ஒதுங்காது.

காலையில் இது இன்னும் மோசமாக இருக்கும். குளிர்ந்த இன்ஜின் முதல் சில நிமிடங்கள் கூடுதல் சுற்றில் ஓடும். சூடான பிறகு நிமிடத்துக்கு 700 சுற்று வாக்கில் நிற்கிற முள் அப்போது 1,200-ஐத் தொட்டுக்கொண்டிருக்கலாம். சுற்று கூடினால் தள்ளலும் கூடும். கண்ணாடியையும் கூரையையும் சுத்தம் செய்கிற நேரம் இன்ஜின் ஓடட்டும். முள் இறங்கிய பிறகு கிளம்புங்கள். முதல் சந்திப்பிலேயே வித்தியாசம் தெரியும்.

என்-க்கு மாற்றலாம், மாற்றவும் வேண்டும். ஆனால் முறையாக. சந்திப்புக்கு 100 மீட்டருக்கு முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். நேராக வரும்போதே மெல்ல பிரேக் பிடித்து வேகத்தை 15 கி.மீ.க்குக் கீழே கொண்டுவாருங்கள். கடைசி 10, 15 மீட்டரில் லீவரை என்-க்குத் தள்ளி, பிரேக்கில் காலை அப்படியே வைத்திருங்கள். தள்ளல் போய்விட்டதால் நான்கு சக்கரமும் ஒரே வேலையைச் செய்யும். பெரும்பாலான லீவர்களில் டி-யிலிருந்து என்-க்குப் போக பட்டனை அழுத்தத் தேவையில்லை, முன்னால் தள்ளினால் போதும். பட்டனில் விரல் படாமல் தள்ளிப் பழகுங்கள். அப்போதுதான் தப்பித்தவறி ஆர்-க்குப் போகாது. திருகும் குமிழோ பொத்தான்களோ உள்ள கார்களில் என்-ஐ ஒரு நொடி பிடித்திருக்க வேண்டியிருக்கும். அதை வெற்று மைதானத்தில் பழகிப் பார்த்த பிறகுதான் சாலையில் நம்பலாம்.

திரும்பக் கிளம்பும்போது பிரேக்கில் கால் இருக்க டி-க்கு மாற்றுங்கள். கியர் விழுந்தது உடம்பில் தெரியும், ஒரு நொடி ஆகும். பிறகு பிரேக்கை அங்குலம் அங்குலமாக விடுங்கள். இப்போது அதே தள்ளல் உங்களுக்கு உதவுகிறது. கார் தானாக உருளத் தொடங்கிய பிறகுதான் ஆக்சிலரேட்டர். நீங்கள் கேட்ட "க்ளட்சை மெதுவாக விடுவது" இந்தக் காரில் இதுதான். அதிலும் வழுக்கினால் நின்றபடியே எம்-க்குப் போய் கூட்டலை ஒருமுறை தட்டி 2 காட்டுகிறதா பாருங்கள். பல கார்களில் இரண்டாவது கியரிலேயே கிளம்பலாம். ஸ்னோ மோட் உள்ள பல கார்களில் அந்தப் பட்டன் செய்வதும் இதுதான்: உயர்ந்த கியரில் கிளப்பும், ஆக்சிலரேட்டரை மந்தமாக்கும்.

பதில்: மலைப்பாதை

ஏத்த எறக்கம் பத்தி சொல்றேன்.

ஏத்தத்துல டி-யை நம்பாதீங்க. வேகம் கொறைஞ்சா "இன்னும் பலம் வேணும்"னு கியர்பாக்ஸ் முடிவு பண்ணி ஒரு கியர் எறக்கும். அந்த நொடில சக்கரத்துக்குப் போற முறுக்கு விசை சட்டுனு எகிறும். காஞ்ச ரோட்டுல அது நல்லது. பனில அந்த ஒரு உதறல் போதும், பிடிப்பு அறுந்துடும். சக்கரம் ஒரு தடவ சுத்த ஆரம்பிச்சா அடியில இருக்கற பனிய உரசிப் பளபளன்னு ஆக்கிடும், அப்புறம் அந்த எடத்துல எந்த டயரும் பிடிக்காது. அதனால ஏத்தம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எம்-க்கு வந்து 2-லயோ 3-லயோ நிறுத்திடுங்க. ஆக்சிலரேட்டர் ஒரே சீரா இருக்கணும். முன்னாடி போற வண்டி உச்சிக்குப் போற வரைக்கும் கீழயே காத்திருங்க. நடுவுல அவர் நின்னா நீங்களும் நிக்கணும், ஏத்தத்துல நின்ன வண்டிய மறுபடி கெளப்பறதுதான் பெரிய பாடு. வேகம் செத்துக்கிட்டே வருதுன்னா மிதிக்காதீங்க, கொஞ்சம் காலைத் தளர்த்துங்க. சுத்தற சக்கரம் பிடிச்சுக்க வாய்ப்பு அப்பதான் கெடைக்கும். மிதியை அடிவரைக்கும் அழுத்தவே கூடாது. கடைசில ஒரு தடை மாதிரி தட்டுப்படும் பாருங்க, அதத் தாண்டினா ரெண்டு கியர் ஒண்ணா எறங்கும்.

எறக்கத்துக்கும் அதே விதி: கியரை மேலயே முடிவு பண்ணிடணும். உச்சில 20 கி.மீ. வேகத்துக்கு வந்து எம்-இல் 2. ரொம்பச் செங்குத்துன்னா 1. எறக்கத்துல பாதி வந்தப்புறம் கியர் எறக்காதீங்க, இன்ஜின் சட்டுனு பிடிச்சு இழுக்கும். உங்களுது முன்சக்கர இழுவை, இன்ஜின் பிரேக் முன்சக்கரத்துல மட்டும்தான் விழும். அது வழுக்கினா ஸ்டீயரிங் பேச்சக் கேக்காது. சுத்து காட்டற முள்ளு மேல ஒரு கண்ணு இருக்கட்டும். வண்டி அதே வேகத்துல போகுது, முள்ளு மட்டும் சட்டுனு விழுதுன்னா முன்சக்கரம் சுத்தாம இழுபடுதுன்னு அர்த்தம். உடனே ஆக்சிலரேட்டரை ஒரு பொட்டு தொடுங்க, இல்ல ஒரு கியர் ஏத்துங்க, சக்கரம் மறுபடி உருளும். பின்சக்கர இழுவை வண்டிக்கு இது இன்னும் ஆபத்து, அங்க இன்ஜின் பிரேக் அதிகமானா வால் பக்கமா திரும்பிடும்.

எறக்கத்துல என் வேண்டவே வேண்டாம். வண்டிய பிடிக்க பிரேக் மட்டும்தான் மிச்சம்னு ஆயிடும்.

பதில்: நாலுசக்கரம்

கியர்பெட்டி சொன்ன என் விஷயத்தில் ஓர் எல்லை போட விரும்புகிறேன். நேராக வந்து நிற்கும் கடைசி சில மீட்டருக்கு அது சரி. வளைவில் சறுக்கும்போது லீவரைத் தேடாதீர்கள், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் வேண்டும். "சறுக்கினால் உடனே என்" என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பழைய கார்களுக்கு அது ஓரளவு பொருந்தும். நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள காரில் நீங்கள் ஸ்டீயரிங்கைப் போக வேண்டிய திசையில் வைத்து, ஆக்சிலரேட்டரை விட்டால் போதும். எந்தச் சக்கரத்தில் பிரேக் கொடுப்பது என்பதை அது பார்த்துக்கொள்ளும். இன்னொரு ஆபத்தும் உண்டு. என்-இல் இருப்பதை மறந்து ஆக்சிலரேட்டரை மிதித்து, இன்ஜின் உறுமியதும் பதறி டி-க்குத் தள்ளினால் அந்த உதறலே காரைச் சுழற்றிவிடும். என்-இலிருந்து டி-க்குப் போகும்போது வலது கால் பிரேக்கில் இருக்க வேண்டும், வேறு எங்கும் இருக்கக் கூடாது.

முன்சக்கரம் வழுக்கி கார் வளைவில் நேராகப் போனால், ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிப்பது வீண். கொஞ்சம் திரும்ப விடுங்கள், காலை எடுங்கள், டயர் பிடிக்கும் வரை பொறுங்கள். பின்பக்கம் வெளியே போனால் அது போகிற பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். நேரானதும் உடனே திரும்பக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் மறுபக்கம் வீசும். ஏபிஎஸ் தடதடத்தால் பெடலை விடாதீர்கள், விட்டு விட்டும் மிதிக்காதீர்கள். ஒரே அழுத்தம்.

தூரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. டயரின் பிடிப்பைக் காட்டும் எண்ணான உராய்வுக் கெழு காய்ந்த தார்ச் சாலையில் 0.75 வாக்கில், அழுந்திய பனியில் 0.25 வாக்கில், ஐஸில் 0.1 அல்லது அதற்கும் கீழே. 50 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்த பிறகு மட்டும் ஓடும் தூரம் கணக்குப்படி முறையே 13, 39, 98 மீட்டர். வேகத்தை 30 ஆக்கினால் ஐஸிலும் 35 மீட்டரில் நிற்கும். நான்கு சக்கர இழுவை இந்தக் கணக்கில் ஒரு மீட்டரைக்கூடக் குறைக்காது. கிளம்புவதற்குத்தான் அது உதவும். நிறுத்த எல்லாக் காருக்கும் நான்கு பிரேக்தான். முன்னால் போகும் காருக்கும் உங்களுக்கும் 8 முதல் 10 நொடி இடைவெளி வையுங்கள்.

ஐஸ் மிக மோசமாக வழுக்குவது கடுங்குளிரில் அல்ல, 0 டிகிரியை ஒட்டி, மேலே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்போது. காரில் வெளி வெப்பநிலை 3 டிகிரி காட்டினாலே எச்சரிக்கையாகிவிடுங்கள். அந்தச் சென்சார் அளப்பது பம்பருக்குப் பின்னால் இருக்கும் காற்றை. சாலை அதைவிடக் குளிர்ந்திருக்கலாம். பாலத்தின் மேல், மரநிழலில், விடியற்காலையில் கறுப்பாக, ஈரம்போலத் தெரிகிற சாலையைச் சந்தேகியுங்கள். ஈரச் சாலை என்றால் முன்னே போகும் காரின் டயர் நீரைத் தெறிக்கும், உங்கள் டயரிலும் இரைச்சல் இருக்கும். தெறிப்பும் இல்லை, இரைச்சலும் சட்டென்று அடங்கிவிட்டது, ஸ்டீயரிங்கும் லேசாகிவிட்டது என்றால் நீங்கள் ஐஸ் மேல் இருக்கிறீர்கள்.

க்ரூஸ் கண்ட்ரோல் வேண்டாம். பிடிப்பு குறைவது அதற்குத் தெரியாது, வேகத்தைக் காப்பாற்ற மேலும் முடுக்கும்.

பதில்: ரப்பர்

இத்தனை நுட்பமும் டயர் சரியாக இருந்தால்தான். கோடைக்கால டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். பக்கச்சுவரில் மூன்று சிகரமும் நடுவே பனிச்செதிலும் உள்ள முத்திரை இருக்கிறதா பாருங்கள். வெறும் எம், எஸ் (சேறு, பனி) எழுத்துகளை மட்டும் நம்பாதீர்கள்; அவற்றைப் போட எந்தப் பனிச் சோதனையிலும் தேற வேண்டியதில்லை. பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பனிக்கு அந்த டயர் முடிந்தது.

முன்சக்கர இழுவைதானே என்று முன்னால் இரண்டு மட்டும் குளிர்கால டயர் போடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. இறக்கத்தில் பிரேக் தொட்டதும் கார் குறுக்கே திரும்பும். நான்கும் போடுங்கள்.

காற்றழுத்தம் குளிரில் இறங்கும், ஏறக்குறைய 5, 6 டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ. இரவு முழுக்க வெளியில் நின்ற காரில், ஓட்டும் முன் அளந்து நிரப்புங்கள். பிடிப்புக்காகக் காற்றைக் குறைக்கும் பழக்கம் மணலுக்கு, இங்கே வேண்டாம்.

சங்கிலி என்றால் உங்கள் காரில் முன்சக்கரத்தில். மாட்டிச் சில நூறு மீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். 50 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. சில டயர் அளவுகளில் சங்கிலிக்கு இடமே இருக்காது, பிரேக் குழாயில் உரசும். வாங்கும் முன் காரின் கையேட்டைப் பாருங்கள்.

பதில்: கியர்பெட்டி

நான்காவது சந்தேகம் மீதம் இருக்கிறது. ஆட்டி எடுக்கலாம், ஆனால் அதை முதல் வேலையாக வைக்காதீர்கள். முதலில் புகைக்குழாயின் வாயிலிருந்து பனியை அகற்றுங்கள். அது அடைபட்ட நிலையில் இன்ஜின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரும். மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும். பிறகு இழுக்கும் இரண்டு சக்கரத்தின் முன்னும் பின்னும் தோண்டுங்கள். அடிப்பக்கம் பனிமேட்டில் உட்கார்ந்திருந்தால் அதையும் வாருங்கள். கார் வயிற்றில் படுத்திருக்கும்போது சக்கரத்தால் எதுவும் ஆகாது. ஸ்டீயரிங்கை நேராக்கி, டயர் அடியில் மணலோ பொடிக்கல்லோ தூவுங்கள்.

பிறகு டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணையுங்கள். சக்கரம் சுற்றினாலே அது இன்ஜினை அடக்கிவிடும், வெளியே வர முடியாது. டி-யில் மெல்ல முன்னே போய், நகர்வு நிற்கும் இடத்தில் பிரேக் பிடித்து முழுதாக நிறுத்தி, ஆர் போட்டு, கியர் விழும் வரை பொறுத்துப் பின்னே வாருங்கள். உருண்டுகொண்டிருக்கும்போதே டி-யிலிருந்து ஆர்-க்கு அடிப்பதுதான் கியர்பாக்ஸைக் கெடுப்பது. எதிர்த்திசையில் சுற்றும் பாகங்களை உள்ளே இருக்கும் க்ளட்ச் தட்டுகள் உரசி நிறுத்த வேண்டிவரும். சக்கரம் வெறுமனே சுற்றும்போது வேகமானியில் 30-ஐத் தாண்ட விடாதீர்கள். ஒரு சக்கரம் நின்று மற்றது மட்டும் சுற்றினால், சுற்றுகிற சக்கரம், இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுழலும். திடீரென்று கெட்டித் தரையைக் கவ்வினால் அந்த அதிர்ச்சி முழுவதும் அச்சுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் போகும். நாலைந்து முயற்சியில் வரவில்லையென்றால் நிறுத்தி ஆயிலை ஆற விடுங்கள், இன்னும் தோண்டுங்கள். சிவிடி (படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டில் இயங்கும் வகை) என்றால் இந்த ஆட்டமே ஆகாது, பெல்ட் தாங்காது. இரட்டை க்ளட்ச் வகையில் க்ளட்ச் சீக்கிரம் சூடேறும், கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்த வேண்டும். வெளியே வந்ததும் டிராக்‌ஷன் கண்ட்ரோலை மறுபடி போட மறக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்: முதல்_பனி

மிகவும் நன்றி, எல்லாம் தெளிவாகிவிட்டது. இரண்டே இரண்டு: இரவில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட்டால் உறைந்துவிடும் என்கிறார்கள், பி மட்டும் போதுமா? வீட்டில் இன்னொரு கார் மின்சாரக் கார், இந்த விதிகள் அதற்கும் பொருந்துமா?

பதில்: நாலுசக்கரம்

மின்சாரக் காரில் டார்க் கன்வெர்ட்டர் இல்லை. பிரேக்கை விட்டதும் நகர்வதை மென்பொருள்தான் உண்டாக்குகிறது, பல கார்களில் அதை அணைக்கலாம். அங்கே கவலை வேறு: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே மோட்டார் பிரேக்காக மாறும். அது இழுக்கும் சக்கரத்தில் மட்டும் விழும். பின்சக்கர இழுவை என்றால், வளைவில் சட்டென்று காலை எடுப்பதே வாலைச் சுழற்றக்கூடும். இந்த மீள்சக்தி பிரேக்கின் அளவை மிகக் குறைந்த நிலைக்கு மாற்றுங்கள், காலைச் சிறுகச் சிறுக எடுங்கள்.

பதில்: மலைப்பாதை

பி மட்டும் போதுமாங்கறது எடத்தப் பொறுத்தது. பி போட்டா கியர்பாக்ஸுக்குள்ள ஒரு சின்ன இரும்புக் கொக்கி பல்லுல விழுந்து நிக்கும், அவ்வளவுதான். நடுவுல டிஃபரன்ஷியல் இருக்கறதால ஒரு முன்சக்கரம் ஐஸ் மேலயும் இன்னொண்ணு தரைலயும் இருந்தா, ஐஸ் மேல இருக்கறது பின்னோக்கிச் சுத்தி வண்டி உருளும், பி போட்டிருந்தாலும்! அதனால சரிவுல ஹேண்ட் பிரேக் கட்டாயம் வேணும். எறக்கத்தப் பாத்து நிறுத்தினா சக்கரத்த நடைபாதை விளிம்புப் பக்கமா, ஏத்தத்தப் பாத்து நிறுத்தினா விளிம்புக்கு எதிர்ப்பக்கமா திருப்பி வைங்க, கட்டையும் வைங்க.

சமதளத்துல, பிரேக் நனைஞ்சிருக்கு, ராத்திரி உறையும்னு தெரிஞ்சா பி மட்டும் போட்டு ஹேண்ட் பிரேக்கை விட்டுடுங்க. உறையறது பெரும்பாலும் கேபிள் உறைக்குள்ள போன தண்ணியும், டிரம்முல ஒட்டற லைனிங்கும்தான். நிறுத்தறதுக்கு முன்னாடி கடைசி 200, 300 மீட்டர் பிரேக்கை லேசா பிடிச்சபடி வந்தா சூட்டுல ஈரம் காஞ்சுடும். ஆனா பின்னாடி வண்டி இல்லாதப்ப, வழுக்காத நேர் ரோட்டுல மட்டும் இதப் பண்ணுங்க. மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள பல வண்டிகள்ல, அணைச்சதும் அது தானாவே பூட்டும், அத நிறுத்தி வைக்கற வழி கையேட்டுல இருக்கும். காலைல ஒட்டிக்கிட்டு வரலன்னா ஆக்சிலரேட்டரை மிதிச்சுப் பிய்க்காதீங்க, லைனிங் பிரேக் ஷூவிலிருந்து உரிஞ்சு வந்துடும். இன்ஜினைச் சூடாக்கி, டி-யும் ஆரும் மெதுவா மாத்தி, வண்டியோட சொந்தத் தள்ளல்லயே முன்னயும் பின்னயும் அசைச்சுப் பாருங்க. "டக்"னு சத்தம் வந்தா விட்டுடுச்சு. ரெண்டு பின்சக்கரமும் உருளுதான்னு ஒருத்தர வெளிய நிக்க வெச்சுப் பாத்துட்டுக் கெளம்புங்க, ஏன்னா ஒரு பக்கம் மட்டும் விட்டு இன்னொண்ணு ஐஸ் மேல இழுபட்டுக்கிட்டே வந்தா உள்ள இருக்கறவருக்குத் தெரியவே தெரியாது.